ஒரே வாசிப்பு, ரெண்டு சிடி, ரெண்டு சுருதி: 1944 கவுன்ட் பேசி ஒலிபரப்பில் எதை நம்புறது?

கம்பி_ஆறு (பெரம்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே படிச்சிட்டு மட்டும் போறவன். இன்னைக்குத்தான் வாயைத் திறக்கிறேன்.

நான் கிடார் வாசிக்கிறவன். அமெரிக்க பியானோக்காரர் கவுன்ட் பேசி நடத்தின ஜாஸ் பேண்டில் ஃபிரெடி கிரீன் வாசிக்கிற தாளக் கிடாரைக் கத்துக்கணும்னுதான் பழைய ஜாஸ் பக்கம் வந்தேன். வந்த இடத்தில் அதே பேண்டில் சாக்சபோன் வாசிச்ச லெஸ்டர் யங் மாட்டிக்கிட்டார். இப்போ 1944 வானொலிப் பதிவுகளா வாங்கிக் குவிச்சிட்டிருக்கேன்.

பிரச்சினை இதுதான். அமெரிக்க ராணுவ வானொலிக்காக பேசி பேண்டு வாசிச்ச ஒரே பாட்டு என்கிட்ட ரெண்டு சிடியில் இருக்கு. ஒன்னு பத்து சிடி இருக்கிற மலிவுப் பெட்டி. அதில் அடுப்பில் கடுகு தாளிக்கிற மாதிரி சத்தம். இன்னொன்னு தனி சிடி, விலை அதிகம், துடைச்சு வச்ச மாதிரி சுத்தம். ரெண்டுக்கும் கூட சேர்ந்து வாசிச்சுப் பார்த்தேன். கரகரப்பு சிடி கிட்டத்தட்ட அரை சுரத்தில் பாதி அளவு மேலே நிக்குது. லெஸ்டரோட சோலோ நோட்டுக்கு நோட்டு ஒன்னுதான், வேற வாசிப்பு இல்லை.

எது நிஜம்? ஒன்னைத்தான் வச்சுக்க இடம் இருக்கு. வீட்டம்மா அலமாரியில் கோடு போட்டுட்டாங்க.

பழையஊசி (மயிலாப்பூர்)

வாங்க தம்பி. கோடு போடுறது எல்லா வீட்லயும் உண்டு, கோட்டைத் தாண்டுறது நம்ம கடமை.

சுருதி விஷயத்தை தட்டுவெட்டி அக்கா வந்து சொல்லட்டும், அது அவங்க தொழில். நீங்க கையில் வச்சிருக்கிறது என்னன்னு நான் சொல்றேன்.

1942 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங் வேலைநிறுத்தம் ஆரம்பிச்சது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. இசைத்தட்டு வித்து கம்பெனி சம்பாதிக்குது, அதே தட்டு ரேடியோவிலும் ஓட்டலிலும் ஓடி எங்க ஆளுங்க வேலையைத் தின்னுது, அதனால எங்களுக்கு ஒரு பங்கு கொடு என்பது அவர் வாதம். டெக்கா ரெக்கார்டு கம்பெனி 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் 11 வரை இறங்கலை.

இப்போ லெஸ்டரைப் பாருங்க. 1943 கடைசியில் பேசி பேண்டுக்குத் திரும்பி வர்றார். 1944 செப்டம்பர் கடைசியில் ராணுவத்தில் பிடிச்சுப் போட்டுடுறாங்க. பேசி கொலம்பியாவோட ஆள். ஆக, லெஸ்டர் திரும்பி வந்து அந்த முழு பேண்டோட உட்கார்ந்திருந்த மாதங்கள்ல கடைக்கு விக்கப் போன தட்டு ஒன்னுகூட இல்லை. அவர் வந்ததும் போனதும் அந்தத் தடை நேரத்துக்குள்ளேயே முடிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கிறது ரேடியோ, ராணுவத்துக்காகப் போட்ட வி-டிஸ்க், அவ்வளவுதான். நேரடி ஒலிபரப்புக்கு அந்த வேலைநிறுத்தத்தில் தடை இல்லை.

அந்தக் கடுகுச் சத்தத்தைத் திட்டாதீங்க. அதுக்குள்ளதான் அந்த மனுஷனோட ஒன்பது, பத்து மாசம் இருக்கு. அதுக்கப்புறம் ராணுவம் அவரை 1945-இல் கோர்ட் மார்ஷல் பண்ணி உள்ளே தள்ளினது தனிக் கதை.

ஸ்விங்சாமி (சிங்கப்பூர்)

அண்ணே, உணர்ச்சிவசப்படாதீங்க. இதெல்லாம் யூடியூபில் ஓசியிலே கிடக்கு. பத்து சிடி பெட்டிக்குக் காசு கொடுக்கிறது, அதுக்கு சுங்கவரி கட்டுறது, அப்புறம் சுருதி சரியில்லைன்னு அழுறது. எனக்குப் புரியலை.

பழையஊசி

ஓசியில் கிடக்கிறது எங்கேயிருந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க? இந்த மாதிரி ஒரு பெட்டியிலிருந்து எவனோ ஏத்தினது. அவன் ஏத்தும்போது அட்டையில் இருந்த தேதி, இடம், யார் யார் வாசிச்சாங்க எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுட்டு "பேசி, 1940-கள்"னு ஒரு வரி போட்டிருப்பான்.

வி-டிஸ்க் கதையைக் கேட்டீங்கன்னா இந்தப் பதிவுகள் எப்படித் தப்பிச்சதுன்னு புரியும். 1943-இல் ஆரம்பிச்சு 1949 வரைக்கும் ஓடின திட்டம். 12 அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுத்து வேகம், ஆனா வினைல். கப்பலில் உடையக்கூடாதே. ஒரு பக்கம் ஆறரை நிமிஷம் வரைக்கும் பிடிக்கும். சாதாரணக் கடைத்தட்டு மூணு நிமிஷத்தில் மூச்சு விடும், இதில் சோலோ நிதானமா நடக்கலாம். சங்கம் சம்மதிச்சதே ரெண்டு நிபந்தனையில்: கலைஞருக்குக் காசு வேண்டாம், ஆனா இதை விக்கவும் கூடாது, வேலை முடிஞ்சதும் அழிச்சிடணும்.

80 லட்சத்துக்கும் மேல அனுப்பினாங்க. முடிஞ்சதும் சொன்னபடியே மாஸ்டர்களை (தட்டு அச்சடிக்கிற மூலப் பதிவுகளை) அழிச்சாங்க, படைமுகாம்களில் தட்டுகளையும் பிடுங்கி உடைச்சாங்க. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ரெக்கார்டு கம்பெனி ஊழியர் 2,500-க்கும் மேல சேர்த்து வச்சிருந்ததுக்காக ஜெயிலுக்கே போனார். இன்னைக்கு நாம மறுவெளியீடுன்னு வாங்குறதில் பாதி, எவனோ சிப்பாய் உத்தரவை மீறித் துணிப்பைக்குள்ள சுருட்டிக்கிட்டு வந்ததுதான். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஒரு முழு செட்டைக் காப்பாத்தி வச்சது நம்ம நல்ல நேரம்.

பியானோக்காரர் ஃபாட்ஸ் வாலர் 1943 செப்டம்பரில் வி-டிஸ்குக்கு உட்கார்ந்து வாசிச்சிட்டு, டிசம்பர் 15-இல் ரயிலிலேயே போய்ச் சேர்ந்தார். கடையில் வாங்கக்கூடிய தட்டை மட்டும் நம்பியிருந்தா அந்தக் கடைசி வாசிப்பு நமக்கு ஏது?

தட்டுவெட்டி (கோவை)

கம்பி ஆறு, உங்க கேள்விக்கு வர்றேன். பழையஊசி அண்ணன் சொன்னா மகாபாரதம் ஆயிடும்.

முதல்ல இந்தப் பதிவுகள் எதில் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். ராணுவ வானொலி நிகழ்ச்சிகளை 16 அங்குலத் தட்டில், 33⅓ வேகத்தில் அச்சடிச்சு உலகம் முழுக்க இருந்த முகாம் நிலையங்களுக்கு அனுப்பினாங்க. உங்க அட்டையில் "ஜூபிலி"ன்னு இருந்தா அது அந்த வரிசையில் கறுப்பினப் படைவீரர்களுக்காக 1942-இல் ஆரம்பிச்ச நிகழ்ச்சி. அந்த ராணுவம் அப்போ நிறம் பிரிச்சுத்தான் நடந்தது. அதுக்குத் தனி நிகழ்ச்சி போட்டதாலதான் நமக்கு இவ்வளவு பேசி பேண்டு, டியூக் எலிங்டன் பேண்டு கிடைக்குது. அறிவிப்பாளர் எர்னி விட்மன். அவர் குரலை ஒரு தடவை கேட்டா மறக்காது.

ஆனா அந்த நிகழ்ச்சிகள் பல ஒட்டுப்போட்டவை. ஒரு வாரம் வாசிச்சதை வெட்டி இன்னொரு வாரத்தில் சேர்ப்பாங்க. தட்டிலிருந்து தட்டுக்கு நகல் எடுப்பாங்க. ஒவ்வொரு நகலிலும் தட்டைச் சுத்துற மேசை கொஞ்சம் வேகமாவோ மெதுவாவோ சுத்தியிருந்தா சுருதி நகர்ந்திடும். அதனால அட்டையில் இருக்கிற தேதி ஒலிபரப்பான தேதியா, வாசிச்ச தேதியான்னு கேளுங்க.

இன்னொரு வகை, வீட்டிலோ நிலையத்திலோ ரேடியோவிலிருந்து நேரா வெட்டின லாக்கர் தட்டு. எல்லாரும் அசிட்டேட்னு சொல்வாங்க, உண்மையில் அலுமினியத் தகட்டு மேல நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. போர் வந்ததும் அலுமினியம் விமானத்துக்குப் போயிடுச்சு, பூச்சைக் கண்ணாடி மேல போட ஆரம்பிச்சாங்க. கண்ணாடித் தட்டைக் கையில் எடுக்கும்போது எனக்கு இன்னும் உள்ளங்கை வேர்க்கும். விளிம்பில் வெளிச்சம் ஊடுருவும். ஒரு தடவை கை தவறினா அந்த ராத்திரி உலகத்திலேயே இல்லாமப் போயிடும்.

பூச்சு வளையணும்னு அதில் விளக்கெண்ணெய் கலந்திருப்பாங்க. எழுபது எண்பது வருஷத்தில் அது சிதைஞ்சு மேல வெள்ளையாப் பொரிஞ்சு நிக்கும். கல்யாண வீட்டு லட்டு மேல சர்க்கரை பூத்த மாதிரி. கடுகுச் சத்தம்னு நீங்க சொல்றதில் பாதி அந்த வெள்ளைதான். கழுவி எடுத்திருந்தா குறைஞ்சிருக்கும். மலிவுப் பெட்டிக்காரன் தட்டையே பார்த்திருக்க மாட்டான், யாரோட பழைய எல்பியிலிருந்தோ எடுத்திருப்பான்.

பழையஊசி

கழுவுறதுன்னதும் வயிறு எரியுது. மூர் மார்க்கெட் எரியறதுக்கு (1985) ஒரு வருஷம் முன்னாடி அங்கே ஒரு 78 வாங்கினேன். விரல்ரேகையும் எண்ணெயும். வீட்டில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைச்சுத் துடைச்சேன். பஞ்சு கறுப்பாச்சு, அழுக்கு வருதுன்னு சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைச்சேன். அழுக்கு இல்லை தம்பி, வந்தது தட்டு.

தட்டுவெட்டி

அண்ணே! 78 தட்டு அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், மரவேலை செய்யறவங்க பாலிஷ் போடுறதே அப்படித்தானே. இனிமேல் படிக்கிறவங்களுக்கு: அரக்குத் தட்டானாலும் லாக்கர் தட்டானாலும் ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க. வடிநீரும் துளி மென்சோப்பும் போதும், நடு லேபிள் நனையக்கூடாது.

ஸ்கார்பரோ_சிற்றலை (டொரொன்டோ)

அரக்கு எண்ட கதை வந்ததால ஒண்டு சொல்லுறன். அந்தக் காலத்தில உலகத்து அரக்கில பெரும்பங்கு இந்தியாவில இருந்துதான் போனது. பூச்சி மரத்தில சுரக்கிற சாமான். போர் வந்து கப்பல் போக்குவரத்துக் குழம்பினதும், 1942 ஏப்ரலில அமெரிக்காவில தட்டு செய்யிறதுக்கான அரக்கை 70 வீதம் வெட்டினவை. புதுத் தட்டு அடிக்க பழைய தட்டைக் குடுங்கோ எண்டு ஊர் ஊராச் சேகரிச்சு அரைச்சவை. 1920களின்ர எத்தினை அரிய தட்டு அந்த அரைவையில போச்சோ.

சரி, நான் வந்தது வேற விசயத்துக்கு. நான் சேர்க்கிறது பேச்சு ஒலிபரப்புகள். இசை ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை: போர்க்கால ஒலிபரப்பு எண்டு அட்டையில போட்டால் நம்பாதேங்கோ. சர்ச்சில் கடற்கரையில சண்டை பிடிப்பம் எண்டு சொல்லுற பேச்சு எல்லா சிடியிலயும் 1940 எண்டு இருக்கும். அவர் அதை ஜூன் 4ஆம் திகதி பாராளுமன்றத்தில பேசினவர். அங்க ஒலிப்பதிவு இல்லை. அண்டைக்கு இரவு பிபிசி அறிவிப்பாளர் சில பகுதியளை வாசிச்சவர், அவ்வளவுதான். நாங்கள் கேக்கிற அந்தக் குரல் 1949இல வீட்டில ஆறுதலா இருந்து பதிவுசெய்து குடுத்தது. ஒன்பது வருசம் பிந்தி! ஆனால் ஜூன் 18 பேச்சு வேற. அதை அண்டு மாலையே மைக்குக்கு முன்னால வாசிச்சவர்.

முழுதா ஒரு நாள் எப்பிடி இருந்தது எண்டு கேக்க ஆசையெண்டால் 1939 செப்டெம்பர் 21, வாஷிங்டன் டபிள்யூஜேஎஸ்வி நிலையம். காலமை தொடக்கம் நடுச்சாமம் வரைக்கும் முழு ஒலிபரப்பையும் பதிவுசெய்து வைச்சவை. ஐரோப்பாவில போர் தொடங்கி மூண்டு கிழமை. ரூஸ்வெல்ட் காங்கிரசில பேசுறார், அதுக்கு முன்னும் பின்னும் சவர்க்கார விளம்பரம், சமையல் குறிப்பு. எனக்கு அந்த சவர்க்காரம்தான் பேச்சைவிடப் பிடிக்கும்.

எங்கட ஊரிலயும் இதுக்கு ஒரு துண்டு இருக்கு. போர்க்காலத்தில தென்கிழக்காசியப் படைகளுக்காக கொழும்பில இருந்து ரேடியோ சீயாக் எண்டு பிரித்தானியர் நடத்தினவை. 1949இல அது இலங்கை அரசிட்ட கைமாறினது. பிறகு எங்கட வானொலியின்ர சிற்றலை தமிழ்நாடு முழுக்க இழுத்ததெண்டால் அந்தச் சாமானும் ஒரு காரணம்.

ஸ்விங்சாமி

சர்ச்சில் விஷயம் தெரியாது, நன்றி அண்ணா. ஓசி வாதத்தை வாபஸ் வாங்கிக்கிறேன், பாதி மட்டும்.

ஆனா சத்தத்தைத் துடைக்கிறதில் எனக்கு ஒரு கேள்வி. சுத்தமான சிடி கேட்க நல்லாத்தானே இருக்கு? கரகரப்பு இருந்தாத்தான் உண்மைன்னு ஒரு கூட்டம் சுத்துது. 1944-இல் கேட்டவன் காதில் கடுகு விழலையே. விழுந்தது பாட்டுதானே.

தட்டுவெட்டி

நல்ல கேள்வி, பதில் ஒரு வார்த்தையில் கிடையாது.

ஜான் ஆர். டி. டேவிஸ்னு இங்கிலாந்தில் ஒருத்தர் இருந்தார், 2004-இல் போயிட்டார். கணினி வர்றதுக்கு முன்னாடி, தட்டை டேப்பில் ஏத்தி, ஒவ்வொரு டிக் சத்தமும் எங்கே இருக்குன்னு கையால டேப்பை உருட்டித் தேடி, அந்த இடத்தில் பிளேடால் பூச்சை லேசாச் சுரண்டி எடுப்பார். ஒரு மூணு நிமிஷப் பாட்டுக்கு எத்தனை சுரண்டல்னு யோசிச்சுக்கோங்க. அவர் எடுத்ததில் ஊசிச் சத்தம் மெலிசா இருக்கும், ஆனா டிரம்காரரோட சிம்பல் உயிரோட இருக்கும்.

1980-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து ராபர்ட் பார்க்கர் பழைய மோனோ தட்டை ஸ்டீரியோவாக்கி, மண்டபத்து எதிரொலி சேர்த்து விட்டார். நிறைய வித்தது, நிறையப் பேர் அதைக் கேட்டுத்தான் ஜாஸுக்குள்ளயே வந்தாங்க. எனக்கு அது கல்யாண மண்டபத்தில் கச்சேரி கேக்குற மாதிரி.

கணினி வந்தபிறகு எல்லாரும் பொத்தானை அழுத்துறாங்க. கரகரப்பு எந்த உயரத்தில் இருக்கோ அதே உயரத்தில்தான் டிரம் மேல உரசுற பிரஷ் சத்தமும், சாக்சபோனில் மூச்சு கசியறதும் இருக்கு. லெஸ்டர் யங்கைப் பொறுத்தவரை அந்த மூச்சுதான் பாதி மனுஷன். அளவு மீறினா அவர் தண்ணிக்குள்ளிருந்து ஊதுற மாதிரி ஆயிடும்.

சாமி, கேட்டவன் காதில் கடுகு விழலைன்னு சொன்னீங்க. சரி. ஆனா சிற்றலையில் கேட்டவனுக்கு இரைச்சல், மங்கல் எல்லாம் விழுந்தது. எந்தக் கேட்டவனை நாம காப்பாத்துறோம்?

கம்பி_ஆறு

அக்கா, சுருதிக்கு வழி சொல்லாமலே போறீங்க.

தட்டுவெட்டி

மறந்தே போச்சு. பியானோவை வச்சுப் பார்க்கலாம், ஆனா அந்த ராத்திரி பியானோவே சுருதி விட்டிருந்தா? அதனால மின்சாரத்தைக் கேளுங்க. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சைக்கிள். அன்னைக்குப் பதிவுக் கருவியில் லேசா ஒரு ரீங்காரம் இறங்கியிருக்கும். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, அறிவிப்பாளர் மூச்சு விடுற இடத்தில், கணினியில் ஒலியைப் படமாப் போட்டுப் பாருங்க. 60-இல் கோடு நின்னா வேகம் சரி. 62-இல் நின்னா நூத்துக்கு மூணு சொச்சம் வேகமா ஓடுது, அதாவது அரை சுரத்தில் பாதி சொச்சம். 50-இல் தனியா ஒரு கோடு தெரிஞ்சா ஏமாறாதீங்க, அது பிற்பாடு ஐரோப்பாவிலோ இங்கேயோ நகல் எடுத்தவன் வீட்டு மின்சாரம்.

பழையஊசி

இவங்க இதைச் சொல்லிட்டு இருக்கிற நேரத்தில் உரிமைச் சட்டத்தையும் சொல்லிடுறேன். ஒரே ஒலிபரப்பு ஏன் இத்தனை கம்பெனி போடுதுன்னு பலர் தனி மடலில் கேக்கறாங்க.

ஐரோப்பாவில் பதிவுரிமை ரொம்ப நாள் 50 வருஷம்தான். 1944-இல் வந்தது 1995-க்கு யார் வேணாலும் போடலாம். பேண்டு தலைவர் கிளென் மில்லர் ராணுவ பேண்டோட லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ஜெர்மன் சிப்பாய்களுக்காகப் பதிஞ்சது, அவரே திக்கித் திக்கி ஜெர்மன் பேசுறது, எல்லாம் சரியா அந்த நேரத்தில் கடைக்கு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். 1944 டிசம்பர் 15-இல் ஆங்கிலக் கால்வாய் மேல விமானத்தோட காணாமப் போறதுக்குச் சில வாரம் முன்னாடி பதிஞ்சது. 2013-இல் 70 வருஷமாக்கினாங்க, ஆனா ஏற்கெனவே காலாவதியானது திரும்ப உயிர் பெறலை. அமெரிக்காவில் கதை தலைகீழ். 1923 முதல் 1946 வரை வெளியானதுக்கு 100 வருஷம். இந்தியாவில் வெளியான வருஷத்திலிருந்து 60.

அதனாலதான் மலிவுப் பெட்டி எல்லாம் ஐரோப்பாவில் பிறக்குது. எல்லாத்தையும் திட்டவும் மாட்டேன். அதுவும் இல்லேன்னா பென்ஷன்காரன் நான் என்ன கேட்டிருப்பேன்? ஆனா ஒழுங்கா உழைச்சு அசல் தட்டைத் தேடிப் போடுறவங்க உண்டு. 2010-இல் பில் சேவரியோட சேகரம் ஹார்லெம் ஜாஸ் மியூசியத்துக்கு வந்தது. 1930-களின் பாதியிலிருந்து ரேடியோவிலேயிருந்து அவர் வெட்டினது, ஆயிரம் தட்டு கிட்டத்தட்ட. பல தட்டு பூஞ்சை, விரிசல். கழுவி ஒட்டிச் சரிபண்ணி மொசைக் கம்பெனி 2018-இல் ஆறு சிடிப் பெட்டியாப் போட்டது. அதுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரும்.

எலிங்டனோட ஃபார்கோ பதிவு தெரியுமா? 1940 நவம்பர் 7, வடக்கு டகோடாவில் ஒரு நடன அரங்கு. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ்னு ரெண்டு ரசிகப் பையன்கள் அனுமதி வாங்கி, விக்க மாட்டோம்னு வாக்கு கொடுத்து, தட்டு வெட்டுற மெஷினைத் தூக்கிட்டுப் போனாங்க. 1980-இல் அதுக்கு கிராமி. நாப்பது வருஷம் கழிச்சு!

ஸ்கார்பரோ_சிற்றலை

ஒரு சங்கடமான கேள்வி. நாசிகள் நடத்தின ஸ்விங் பேண்டு, சார்லி அண்ட் ஹிஸ் ஆர்கெஸ்ட்ரா, அதின்ர மறுவெளியீடு ஆரிட்டயும் இருக்கோ? அமெரிக்கப் பாட்டையே எடுத்து முதல் சரணத்தை ஒழுங்காப் பாடிப்போட்டு, இரண்டாவதில யூதரையும் சர்ச்சிலையும் திட்டுவினம். என்ர சேகரிப்பில இருக்கு. ஆனால் வீட்டுக்கு ஆக்கள் வந்தால் போடுறதில்லை.

தட்டுவெட்டி

என்கிட்ட இருக்கு அண்ணா. வாசிப்பு மோசமில்லை, அதுதான் இன்னும் உறுத்துது. உள்ளூரில் ஜாஸைத் தடுத்துக்கிட்டே வெளியூருக்கு அதையே ஊதினாங்க. நானும் தனியாத்தான் கேட்பேன்.

கம்பி_ஆறு

நேத்து ராத்திரி உட்கார்ந்து பார்த்துட்டேன். இதோ முடிவு.

கரகரப்பு சிடி: எர்னி விட்மன் பேசி முடிச்சு பேண்டு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நொடி இடைவெளி. அதில் மெல்லிசா ஒரு கோடு. எங்கே நிக்குது தெரியுமா, 62-இல்!

சுத்தமான சிடி: அதே இடம். ஒன்னுமே இல்லை. வெறும் கறுப்பு. ரீங்காரத்தையும் சேர்த்துத் துடைச்சிட்டாங்க.

சரின்னு கரகரப்பை 62-லிருந்து 60-க்கு இறக்கினேன். அப்படியே சுத்தமான சிடியோட சுருதியில் வந்து உட்கார்ந்தது. ஆக, சரியான வேகத்தில் இருக்கிறது சுத்தமான சிடி. அதை நிரூபிக்கிற கோடு இருக்கிறது தப்பான வேகத்தில் ஓடுற கரகரப்பில் மட்டும்.

இறக்கின கோப்பை இன்னொரு தடவை கேட்டேன். லெஸ்டர் சோலோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சாக்சபோன் ரீடில் (வாயில் வைக்கிற நாணல் பட்டையில்) ஒரு உறிஞ்சல் சத்தம் இருக்கு. சுத்தமான சிடியில் அது கிடையாது.

ஸ்விங்சாமி

அந்த உறிஞ்சல் எனக்கும் வேணும். அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெட்டிப் போடுங்களேன்.

பழையஊசி

அப்போ எந்தச் சிடியை வெளியே அனுப்புறீங்க தம்பி?

கம்பி_ஆறு

ரெண்டும் அலமாரியில்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலு சமையல் புத்தகம் இருந்தது, அதைத்தான் மேல பரணில் ஏத்தினேன். வீட்டம்மா இன்னும் பார்க்கலை.